பன்னிரண்டாவது பெயர்

"ஹலோ… ஹலோ சார்… ஆமா சார், நான்தான்… இல்ல சார், நான் வைக்கல, சார்ஜ் போயிருச்சு… ஐயோ, உங்க போனை நான் வைப்பேனா? இப்பப் போட்டுட்டேன்… ஆமா ஆமா, கேக்குது. நல்லா கேக்குது."

பெரிய டீச்சர் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முக்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியை என்று கதவில் எழுதியிருந்தாலும் பள்ளிக்கூடம் முழுவதும் அவள் பெரிய டீச்சர்தான். உடம்பும் குரலும் அந்தப் பெயருக்குக் குறை வைக்கவில்லை. மேசைக்குப் பின்னால் சாய்வு நாற்காலி சும்மா கிடந்தது. அந்த அறையில் உயிரோடிருந்த ஒரே பிளக் பாயிண்ட் இந்த மூலையில்தான் இருந்தது. அதுவும் லொடலொட. சார்ஜரை யாராவது விரலால் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கரண்ட் ஏறும்.

அப்படி அழுத்திப் பிடித்தபடி தரையில் குந்தியிருந்தவள் வாசிப்பு டீச்சர். பத்தாம் வகுப்பு வரை வந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக ஒப்பந்தத்தில் எடுத்த ஆள். பெரிய டீச்சருடைய தம்பி மனைவி. வீட்டில் மாடியறை, பள்ளியில் இந்த வேலை, இரண்டுமே நாத்தனார் கொடுத்தவை. அதை ஒரு நாளும் மறக்க விடாத நாத்தனார்.

"திட்டமா? அனுப்பிட்டோமே சார்… போன வாரமே… ஆமா சார், பள்ளி அடைவுத் திட்டம், அதேதான்… நீங்க பாத்துட்டீங்களா? அடடா! நானே உக்காந்து எழுதினது சார்… ரெண்டு வாரம் கண்ணுல பொட்டுத் தூக்கம் இல்ல…"

வாசிப்பு டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டாள். அந்த இரண்டு வாரமும் பெரிய டீச்சரின் குறட்டை மாடிவரை கேட்டது. திட்டத்தை வரி வரியாக எழுதியவள் இவள். வருட முடிவுக்குள் பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பாடப் புத்தகத்தைத் தானே வாசிக்க வேண்டும். அதற்கு எந்தப் பிள்ளைக்கு எது வராது, எப்படிச் சொன்னால் வரும் என்று பிள்ளை பிள்ளையாக எழுதியிருந்தாள்.

"சரிங்க சார்… சொல்லுங்க சார்… மாவட்ட இலக்கா? தெரியுமே சார், தொண்ணூறு சதவீதத் தேர்ச்சி… ஆமா, சுற்றறிக்கை வந்துச்சு… இருக்கு சார், எங்க திட்டத்துலயும் இருக்கு… இல்ல, அதே வார்த்தையில இல்ல… பிள்ளைங்க முதல்ல வாசிக்கட்டும், வாசிச்சா தேறிருவாங்கன்னு…"

பெரிய டீச்சருடைய சிரிப்பு மெல்லச் சுருங்கியது.

"ஆமா சார்… சரி சார்… கட்டம் இல்லையா? எதுக்குக் கட்டம் இல்ல?… வாசிக்கிறதுக்கா… ஓகோ… உங்க படிவத்துல அதுக்கு இடமே இல்லையா… புரியுது சார்… தேர்ச்சிக்குக் கட்டம் இருக்கு, வருகைக்குக் கட்டம் இருக்கு… ஆமா ஆமா, மாவட்டம் எதை அளக்குதோ அதைத்தானே நாங்க எழுதணும்…"

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"உன் ராமாயணத்துக்குக் கட்டமே இல்லையாம்டி. ரெண்டு வாரமா ராப்பகலா எழுதிக்கிட்டுக் கிடந்தியே."

கையை எடுத்தாள். குரலில் மறுபடி தேன்.

"சார்? இருக்கேன் சார்… என்னது? நிதியா?… சார் சார் சார், அப்படிச் சொல்லாதீங்க… ரெண்டு வகுப்புக்கு மேல தகரம்தான் சார் கிடக்கு, மழை பேஞ்சா பிள்ளைங்களைத் தாழ்வாரத்துல நிறுத்துறோம்… கட்டடம் வரும்னு பெத்தவங்க கூட்டத்துல மைக் பிடிச்சுச் சொல்லிட்டேனே… யாருக்கு? பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற ஸ்கூலுக்கா?… அவங்க திட்டம் பொருந்துதா… அப்படியே அச்சடிச்ச மாதிரி பொருந்துதா…"

மைதானத்தில் விளையாட்டு வாத்தியார் விசில் ஊதினார். பெரிய டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி, "யோவ்! அதை வாயிலிருந்து எடுய்யா!" என்று ஒரு கத்தல் கத்தினாள். விசில் பாதியில் நின்றது.

"உங்களை இல்ல சார்! ஐயோ, உங்களைப் போய்… வெளியில ஒருத்தர்… ஆமா சார்… சொல்லுங்க… பொறுப்பா? யாரு பொறுப்புன்னு பேர் போடணுமா?… திட்டம் பொருந்தலைன்னா அதுக்கு ஒருத்தர் பேரா… மேலிடத்துக்குப் போகுமா…"

பெரிய டீச்சர் நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றினாள். கண் ஒரு தடவை கீழே வந்து வாசிப்பு டீச்சர் மேல் நின்றது. விலை பேசுகிறவர்கள் பார்க்கும் பார்வை அது.

"சார்… ஒரு உண்மையைச் சொல்லிடுறேன் சார்… நான் எழுதினேன்னு சொன்னேன்ல… மேற்பார்வை மட்டும்தான் என்னுது… இங்க ஒருத்தி இருக்கா, ஒப்பந்தத்துல, வாசிப்பு டீச்சர்னு… அவதான் சார் எழுதினா… ஆமா… நான் கையெழுத்துப் போட்டதோட சரி… படிக்காமப் போட்டுட்டேன் சார், நம்பிக்கைதான்… அவளுக்கு அனுபவம் கிடையாது… தான் பெரிய இவன்னு நினைப்பு… நான் சொன்னேன் சார், மாவட்ட இலக்கை எழுதும்மான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்…"

வாசிப்பு டீச்சரின் விரல் தானாக விலகியது. போனில் எரிந்த சின்ன வெளிச்சம் அணைந்தது. பெரிய டீச்சர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, முகத்தில் சிரிப்பும் மாறாமல், காலை நீட்டி இவள் முழங்காலில் ஓர் எத்து எத்தினாள். வலித்தது. வலியைவிட, எத்தியவள் பேச்சை ஒரு சொல்கூட நிறுத்தவில்லை என்பதுதான் இவளைச் சுட்டது. விரல் திரும்பப் போய்ப் பிளக்கை அழுத்தியது.

"…அதான் சார், அவ பேரைப் போட்டுக்குங்க. அந்தப் பதவியையும் எடுத்துருங்க, எனக்கு ஆட்சேபணையே இல்ல… என்னது?… யார் சொன்னா?… புகாரா?… சொந்தமா! யாரு, எனக்கும் அவளுக்குமா?"

அவள் சிரித்த சிரிப்பில் அலமாரிக்குள் இருந்த பரிசுக் கோப்பைகள் அதிர்ந்தன.

"யாரோ வேண்டாதவங்க கிளப்பி விட்டிருக்காங்க சார்… ஒரே தெரு, அவ்வளவுதான்… புருஷனுக்கு வேலை இல்ல, ரெண்டு வேளை சாப்பாட்டுக்கு வழி இல்ல, வாசல்ல வந்து நின்னா… பாவம்னு சேர்த்துக்கிட்டேன்… சொந்தமும் இல்ல, ஒட்டும் இல்ல சார்… என் குடும்பத்துல அப்படி ஒரு தரித்திரம் ஏன் சார் வருது?"

பெரிய டீச்சர் அப்போது உடுத்தியிருந்த புடவைக்கு அன்று காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்ததே அந்தத் தரித்திரம்தான். வேலை இல்லாத அந்தப் புருஷன் பெரிய டீச்சர் தூக்கி வளர்த்த தம்பி. தன் கணவனை அவனுடைய அக்காவே ஒரு அந்நிய அதிகாரியிடம் அநாதையாக்கியதை வாசிப்பு டீச்சர் தரையில் குந்தியபடி கேட்டாள். எழுந்து போயிருக்கலாம். எங்கே போவது? மாடிப்படியும் அந்த வீட்டுக்குள்ளிருந்துதான் ஏறியது.

"தேங்க்ஸ் சார்… சரி, இப்ப திட்டத்தைச் சரி பண்ணுறதுக்கு நீங்களே ஒரு வழி சொல்லுங்க… ம்… ம்… பன்னெண்டு பேரா?… பன்னெண்டு பேரை எடுத்தா தொண்ணூறு வந்துருமா… நீங்களே கணக்குப் போட்டு வச்சுட்டீங்களா! உங்க மூளையே மூளை சார்… தனித்தேர்வர்… ஆமா சார், நம்ம பேர்ல இல்லாம அவங்களா வெளியில இருந்து எழுதிக்கட்டும்… தேறினா தேறட்டும், தேறலைன்னா நம்ம சதவீதத்துல வராது… அருமை சார்… பெத்தவங்களா? அவங்க என்ன கேக்கப் போறாங்க? விருப்பத்தோட போறோம்னு எழுதி நீட்டினா, காட்டுற இடத்துல போட்டுட்டுப் போயிருவாங்க… அவங்களுக்கும் வாசிக்கத் தெரியாதுல்ல!"

இந்த முறை இரண்டு பக்கமும் சிரித்தது. போனுக்கு வெளியில் கூடக் கரகரவென்று அந்தச் சிரிப்பு வந்து விழுந்தது.

"எந்தப் பன்னெண்டுன்னா… அது எனக்கெங்க சார் தெரியும், எல்லாம் ஒரே மூஞ்சி… வாசிப்பு டீச்சருக்குத்தான் தெரியும்… இருக்கா சார், இங்கதான்… ஆமா, எதிர்லயே… கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா… கேக்கட்டும் சார், அவ கிடக்கா… உங்ககிட்டயா? அவகிட்ட நீங்க எதுக்கு சார் பேசணும், நானே கேட்டு… சரி சார்… சரி சார்… தர்றேன்."

போனைப் பொத்தினாள். முகத்திலிருந்த தேன் வடிந்துவிட்டிருந்தது.

"பேரை மட்டும் சொல்லு. சொந்தமான்னு கேட்டா இல்லைன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்துச்சு… ராத்திரி என் வீட்டுக் கதவைத் தாண்டித்தான் மேல ஏறணும், ஞாபகம் வச்சுக்க."

போன் கை மாறியது. வயர் குட்டை. வாசிப்பு டீச்சர் முக்காலிக்கு வரவேண்டியிருந்தது, பெரிய டீச்சர் தரைக்கு இறங்கவேண்டியிருந்தது. முட்டி மடக்கி முனகிக்கொண்டே உட்கார்ந்து, பிளக்கின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"ஹலோ… வணக்கம் சார்… ஆமா சார். நான்தான் எழுதினேன்… எல்லாப் பக்கமும் நான்தான்… என்னது சார்?… படிச்சீங்களா? முழுசாவா?…"

அவள் குரல் உடைந்தது. அதை எழுதி முடித்த நாளிலிருந்து ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டவளும் படிக்கவில்லை.

"நல்லா இருந்துச்சா சார்?… நன்றி சார்… இல்ல சார், யார்கிட்டயும் கத்துக்கல, பசங்களைப் பாத்துப் பாத்து நானா… சார், பஸ்ல எழுதியிருக்கற ஊர்ப் பேரைக்கூட வாசிக்கத் தெரியாமப் பத்தாவது வரைக்கும் தள்ளிவிட்டுட்டாங்க சார் அவங்களை. இப்ப பாதிப் பேர் பத்தி பத்தியா வாசிக்கிறாங்க. அதுல ஒரு பையன் சார், அவங்கப்பா மருந்துச் சீட்டை… சரி சார்… சரி… சாரி சார், சொல்லுங்க."

பெரிய டீச்சர் கீழிருந்து சைகை காட்டினாள். பேரைச் சொல்லு, பேரை.

"திட்டமா?… ஆமா சார், எழுதுவேன்… எந்தப் பள்ளிக்கு?… எல்லாப் பள்ளிக்குமா? மாவட்டம் முழுக்க?… நானா சார்?… மாவட்ட ஆபீஸ்லயே உக்காந்தா…"

முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நிரந்தரமா?… இல்ல சார், சரியாக் கேட்டுச்சு, ஆனாலும் இன்னொரு தடவை சொல்லுங்க… நிரந்தரம்… குவார்ட்டர்ஸா? வீடும் உண்டா சார்?"

"என்ன வீடு? என்னடி சொல்றான் அந்தாளு?" கீழிருந்து பெரிய டீச்சர் பல்லைக் கடித்தாள்.

வாசிப்பு டீச்சர் திரும்பி அவளுக்கு முதுகைக் காட்டினாள். ஒரு வாசல். தன் கையால் பூட்டித் தன் இடுப்பில் சாவியைச் செருகிக்கொள்ளும் ஒரு வாசல். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போகலாம். சாப்பிட உட்காரும்போது இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்கிறோமா என்று யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்டது அதற்கு மேல் எதுவும் இல்லை.

"இருக்கேன் சார்… கேளுங்க… ம்…"

அவள் திரும்பிப் பெரிய டீச்சரைப் பார்த்தாள். கீழே இருந்தவளுக்கு அந்தப் பக்கம் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாது. இத்தனை நேரம் இவள் இருந்த நிலைமை.

"ஆமா சார்… நிஜம்தான்… என் வீட்டுக்காரரோட கூடப்பொறந்த அக்கா… இல்ல சார், ஒரே தெரு இல்ல. ஒரே வீடு."

பெரிய டீச்சரின் வாய் திறந்தது. கட்டைவிரல் வழுக்கியது. வெளிச்சம் அணைந்தது.

"நல்லா அழுத்திப் பிடிங்கக்கா," என்றாள் வாசிப்பு டீச்சர், போனைக் கொஞ்சம் விலக்கி, மிகவும் மரியாதையாக. "கட்டாயிரப் போகுது. சார் உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கார்."

பெரிய டீச்சர் இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"சொல்லுங்க சார்… வேலைக்கு வச்சது அவங்கதான்… கையெழுத்தும் அவங்கதான்… அப்ப பொறுப்பு அவங்களுக்குத்தானா? என் மேல வராதா?… சரி சார்… நடவடிக்கை எடுத்தா எடுங்க சார், நான் என்ன சொல்றது, நீங்க பாத்துச் செய்யுங்க…"

"அம்மாடி," என்றது கீழிருந்து ஒரு குரல். இத்தனை வருடத்தில் அந்தச் சொல் அவளை நோக்கி வந்தது அதுதான் முதல் தடவை. "அம்மாடி, ஓய்வு பெற ரெண்டு வருஷம்தான் இருக்கு. நல்லபடியா ரெண்டு வார்த்தை சொல்லும்மா. உன் புருஷனுக்குச் சோறு போட்டவடீ நான்."

வாசிப்பு டீச்சர் கேட்காத மாதிரி இருந்தாள். கேட்காத மாதிரி இருப்பது அவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"ஆமா சார்… திட்டத்தை நானே திருத்தி அனுப்புறேன்… வாசிப்பு இலக்கை எடுத்துடவா?… முழுசாவா… சரி… தொண்ணூறு சதவீதம்னு முதல் வரியிலயே போட்டுர்றேன்… அந்தப் பன்னெண்டு பேரா? இப்பவேவா சார்?"

சுகம் அங்கே நின்றது.

"சார், ஒரு சின்ன விண்ணப்பம்… அந்தப் பிள்ளைங்களுக்கு இன்னும் நாலே மாசம் கொடுத்தீங்கன்னா… எல்லாரும் தேறுவாங்கன்னு சொல்லல, ஆனா வாசிக்கிறதுக்காவது… வெளியில போனா யாரும் சொல்லித் தரமாட்டாங்க சார், அதோட விட்டுருவாங்க… ஆமா சார்… இல்ல சார், மாட்டேன்னு சொல்லல… இல்லவே இல்ல… வேற ஆளுங்க காத்திருக்காங்கன்னு தெரியும் சார்…"

நீண்ட நேரம் அந்தப் பக்கம் பேசியது. வாசிப்பு டீச்சர் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"புரியுது சார்… சொல்றேன். எழுதிக்கிறீங்களா?"

போனில் அவள் சொன்னவை பதிவேட்டுப் பெயர்கள். மனதில் வந்து நின்றவை வகுப்பறைப் பெயர்கள். முதலில் தச்சுப்பட்டறைப் பையன், எழுத்துக்கு அடியில் பென்சிலால் கோடு இழுத்து இழுத்து வாசிப்பவன். அந்தப் பெயரை இருமிவிட்டு இரண்டு தடவை சொன்னாள். அடுத்து கொட்டாவி. விடியும் முன்னே பேக்கரி அடுப்படியில் நின்றுவிட்டு வந்து பெஞ்சில் சாய்பவன். பிறகு மாமா. மீசை முளைத்துவிட்டதால் வகுப்பே வைத்த பெயர். கூச்சத்தில் புத்தகத்தை முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு வாசிப்பான். பிறகு ரெட்டைப் பெண்கள், இரண்டு பேரையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"ஆமா சார்… அடுத்தது… எழுதிட்டீங்களா… அடுத்தது…"

ஐந்து பேரைத் தாண்டியதும் இருமத் தேவைப்படவில்லை. ஆறாவதும் ஏழாவதும் வருகை எடுப்பது போல வந்தன. எட்டாவது பெயரில் அதிகாரி எழுத்தைத் தப்பாகப் போட்டிருப்பார் போல. "பெரிய ற சார், சின்ன ர இல்ல," என்று திருத்தினாள். குரலில் டீச்சர் வந்துவிட்டாள். ஒன்பது. பத்து. பதினொன்று.

"அவ்வளவுதான் சார்… பதினொண்ணு… இல்ல சார், மத்தவங்க தேறிருவாங்க… நிச்சயமா… நான்தானே சார் சொல்லிக் கொடுத்தேன், எனக்குத் தெரியாதா… ஓ… ஒண்ணு குறையுதா?… போன வருஷத் தேர்ச்சியை வச்சுப் போட்ட கணக்கா… அதுல ஒருத்தர் குறைஞ்சாலும் தொண்ணூறு வராதா… எண்பத்தொன்பது சொச்சம்… முழுசா இருக்கணுமா… ம்… ஒரு நிமிஷம் இருங்க சார்."

கண்ணை மூடிக்கொண்டாள். பெஞ்சு பெஞ்சாக வகுப்பைச் சுற்றி வந்தாள். ஜன்னலோரத்துப் பையனைத் தொட்டால் அவன் அப்பா லாரியோடு வந்து வாசலை அடைப்பார். அவனுக்கு முன்னால் இருப்பவளுடைய சித்தி வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறாள். நடு பெஞ்சுக்காரனின் அம்மா வாயைத் திறந்தால் தெருவே கூடும். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் நின்றார்.

கடைசிப் பெஞ்சில் நத்தை உட்கார்ந்திருந்தாள். விடுதிப் பெண். தாய் தகப்பன் இல்லை. யார் எதை நீட்டினாலும் விடுதிக்காரர்கள் கையெழுத்துப் போடுவார்கள். மெதுவாகப் பேசுவாள், மெதுவாக நடப்பாள், மெதுவாக வாசிப்பாள். ஆனால் தப்பில்லாமல் வாசிப்பாள். போன வாரம் ஒரு பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு இடத்திலும் தடுக்கி விழாமல் வாசித்து முடித்தாள். பிறகு தன்னை விட்டுவிட்டு இன்னும் பின்தங்கிய பிள்ளைகளைப் பார்க்கும்படி இவளிடம் சொன்னாள். "எனக்கு வந்துருச்சு டீச்சர்."

"சார்… இருக்கீங்களா சார்? எழுதிக்குங்க."

பதிவேட்டுப் பெயரைச் சொன்னாள். நிதானமாக, எழுத்து எழுத்தாக.

"ஆமா சார், பொண்ணுதான்… வாசிப்பா… நல்லாவே வாசிப்பா… தேறியும் இருப்பா… இல்ல சார், பிரச்சினை வராது. நான் உத்தரவாதம்."

கீழே பெரிய டீச்சர் இரண்டு கையாலும் பிளக்கைப் பிடித்தபடி அண்ணாந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்து அவள் பயந்ததும் அதுதான் முதல் தடவை.

"ஏன்னா அவளுக்காக வந்து கேக்க யாரும் இல்ல சார்… நன்றி சார்… நாளைக்குக் காலையிலேயே ஆபீஸுக்கு வந்துர்றேன்… ரொம்ப நன்றி சார்… ஹலோ?… சார்?… ஹலோ?"

பெயரை எழுதிக்கொண்டதுமே அவர் போனை வைத்துவிட்டிருந்தார்.